‘இயற்கைச் சுவை’ என்ற முகமூடி!

தான் வாயில் போடும் பண்டம் எதிலிருந்து செய்யப்பட்டது என்று கேட்க மனிதனுக்கு உரிமை உண்டா, இல்லையா?

“உண்டு, உண்டு” என்று எல்லா முதலாளித்துவ சர்க்கார்களும் தலையாட்டுகின்றன. பொட்டலத்தின் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்த பட்டியலை எடுத்துக் காட்டுகின்றன. ஆனால் அந்தப் பட்டியலைப் படித்த ஒரு நோயாளி, “ஐயா, ‘இயற்கைச் சுவை’ என்று போட்டிருக்கிறீர்களே, அது செடியிலிருந்து வந்ததா, மாட்டிலிருந்து வந்ததா?” என்று கேட்டால் என்ன பதில்? “அது வியாபார ரகசியம்!”

உலகத்துக்கே ஜனநாயகப் பாடம் நடத்தும் அமெரிக்காவில்தான் இந்த ரகசியம் இன்று பல்லாயிரம் ஜனங்களின் உயிரோடு விளையாடுகிறது. அந்தக் கதையை ஆலையில் நூல் நூற்கும் தோழரும், வயலில் நாற்று நடும் தோழரும் தெரிந்துகொள்வது அவசியம். நம் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் அதே பொட்டலம்தான் சரஞ்சரமாகத் தொங்குகிறது.

உண்ணி செய்யும் வேலை

மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உண்ணியை நமக்குத் தெரியும். அமெரிக்காவில் ‘ஒற்றை நட்சத்திர உண்ணி’ என்று ஒரு வகை உண்டு. பெண் உண்ணியின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பதால் அந்தப் பெயர். அது மனிதனையும் கடிக்கும். கடிக்கும்போது அதன் எச்சில் வழியாக ‘ஆல்ஃபா-கால்’ என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொருள் மனித உடலுக்குள் போகிறது.

மாடு, பன்றி, ஆடு, மான் முதலிய பாலூட்டிகளின் உடலில் இந்தப் பொருள் இயல்பாகவே உண்டு. மனிதனிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் இல்லை. ஆகவே உண்ணியின் எச்சில் ரத்தத்தில் கலந்ததும் சிலருடைய உடல் அதை எதிரியாகக் கண்டு, எதிர்க்கும் பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அதன் பின் அந்த மனிதன் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ ஆட்டிறைச்சியோ தின்றால், உடல் தன் மீதே போர் தொடுக்கிறது. தோலெங்கும் தடிப்பு, வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, பேதி, மூச்சுத் திணறல். முற்றினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து. கோழியும் மீனும் இந்தத் தொல்லையைத் தருவதில்லை.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவனுக்குத் தின்ற சில நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். இந்த நோயிலோ 2 மணியிலிருந்து 6 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவன் நடுச்சாமத்தில் மூச்சு முட்டி எழுந்திருப்பான். எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?

வைத்திய உலகம் கண்டுபிடித்ததே ஒரு புற்றுநோய் மருந்தின் மூலமாகத்தான். செடுக்சிமாப் என்ற மருந்தை ஊசி வழியே ஏற்றியபோது அமெரிக்காவின் தென் மாகாணங்களில் சில நோயாளிகள் உடனே மயங்கி விழுந்தார்கள். அதன் காரணம் ஆல்ஃபா-கால்தான் என்று வர்ஜீனியா சர்வகலாசாலையின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் 2008-இல் எடுத்துச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் டாக்டர் ஷெரில் வான் நூனன், உண்ணிக் கடிக்கும் இறைச்சி ஒவ்வாமைக்கும் உள்ள உறவைத் தம்மிடம் வந்த நோயாளிகளிடமே கண்டறிந்தார்.

அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு ஸ்தாபனம் 2023 ஜூலையில் வெளியிட்ட கணக்கு என்ன சொல்கிறது? 2010 முதல் 2022 வரை 1,10,000 பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறது. சோதனை செய்துகொள்ளாதவர்களையும் சேர்த்தால் 4,50,000 பேர் வரை இருக்கலாம். 1,500 வைத்தியத் துறையினரை விசாரித்ததில் 42 சதவீதம் பேர் இந்த நோயின் பெயரையே கேள்விப்பட்டதில்லை. 2024-இல் நியூ ஜெர்சி மாகாணத்தில் ஒருவர் ஹாம்பர்கர் தின்ற சில மணி நேரத்தில் இறந்துபோனார். ஆல்ஃபா-கால்தான் காரணம் என்ற விவரம் 2025 நவம்பரில்தான் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது.

உண்ணி யாரைக் கடிக்கிறது? குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பங்குப் பத்திரம் புரட்டுபவனை அதிகம் கடிப்பதில்லை. புல் அறுப்பவனை, மாடு மேய்ப்பவனை, மரம் வெட்டுபவனைக் கடிக்கிறது. ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியில் காட்டிலாகா ஊழியர்களையும் வேட்டைக்காரர்களையும் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ரத்தத்தில் இந்த எதிர்ப்புப் பொருள் இருந்தது. அவர்கள் எல்லோரும் நோயாளிகள் ஆகிவிடவில்லை. ஆனால் ஆபத்து யார் தலைமேல் தொங்குகிறது என்பது இதிலிருந்து புரியவில்லையா?

இறைச்சியை விட்டால் போதுமா?

“மாட்டையும் பன்றியையும் தின்னாமல் விட்டுவிட்டால் தீர்ந்தது! இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல்?” என்று சிலர் கேட்கலாம்.

இறைச்சித் துண்டைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாததை எப்படி ஒதுக்குவது? பெரிய இறைச்சி ஆலையில் மாட்டின் எந்தப் பாகமும் வீணாவதில்லை. தோலும் எலும்பும் ஜெலட்டின் ஆகின்றன. அது மெல்லும் மிட்டாய்க்குள் போகிறது, மருந்துக் குப்பியின் உறையாகிறது. கொழுப்பிலிருந்து கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் எடுக்கிறார்கள். அதிலிருந்து மோனோ-டைகிளிசரைடு என்ற சரக்கு ரொட்டிக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகிறது. மக்னீசியம் ஸ்டியரேட் மாத்திரைக்குள் போகிறது. எலும்பும் இறைச்சியும் கொதித்த சாறு, சூப் பொடியிலும் சிப்ஸின் மசாலாவிலும் கலக்கிறது.

எதையும் வீணாக்காமல் பயன்படுத்துவதை நாம் குறை சொல்லவில்லை. ஏழை வீட்டு அடுப்படியும் அப்படித்தான் நடக்கிறது. கலந்ததைக் கலந்தேன் என்று சொல்லாமல் மறைப்பதைத்தான் குற்றம் என்கிறோம்.

இந்தச் சரக்குகளில் பல, தாவர எண்ணெயிலிருந்தும் செய்யக்கூடியவை. இன்று பனை எண்ணெய் மலிவென்றால் பனை எண்ணெய். நாளை மாட்டுக் கொழுப்பு மலிவென்றால் மாட்டுக் கொழுப்பு. பொட்டலத்தின் மேல் பெயர் மட்டும் மாறாது. நேற்று வரை பத்திரமாக இருந்த அதே பிஸ்கட் இன்று விஷமாகலாம். முத்திரையும் வர்ணமும் அதேதான்!

எல்லா நோயாளிகளும் இவ்வளவு சிறிய அளவுக்குத் துடித்துவிடுவதில்லை. சிலருக்கு இறைச்சி மட்டும் ஆகாது. சிலருக்குப் பாலும் ஆகாது. சிலருக்கு ஜெலட்டினே போதும். யாருக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அறிய, முதலில் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? அந்தக் கதவையே அடைத்துவிட்டார்களே!

சட்டத்தின் ஓட்டை

அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டம் என்று ஒன்று உண்டு. பொருள்களின் பெயரை எழுத வேண்டும் என்று ஒரு கையால் கட்டளையிட்ட அந்தச் சட்டம், மசாலாவையும் சுவை சேர்ப்பவற்றையும் தனித்தனியே பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று மறு கையால் சலுகை கொடுத்தது. ‘இயற்கைச் சுவை’ என்றால் என்ன என்று அந்நாட்டு விதிகளில் விளக்கம் இருக்கிறது. பழம், காய், மூலிகை, மரப்பட்டை என்று அடுக்கிக்கொண்டே போய் இறைச்சி, மீன், கோழி, முட்டை, பால் வரை அதில் சேர்த்திருக்கிறார்கள். எலுமிச்சையும் இயற்கைதான், எருமையும் இயற்கைதான்! இரண்டுக்கும் ஒரே பெயர்!

இந்த முகமூடி எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. மெக்டொனால்ட்ஸ் கம்பெனி, உருளைக்கிழங்கு வறுவலை இனி தாவர எண்ணெயில்தான் பொரிக்கிறோம் என்று 1990-இல் தம்பட்டம் அடித்தது. அமெரிக்காவில் வாழும் சைவ உணவுக்காரர்கள் நம்பித் தின்றார்கள். கிழங்கில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவை சேர்ந்திருந்தது பிறகுதான் அம்பலமாயிற்று. பட்டியலில் ‘இயற்கைச் சுவை’ என்று மட்டுமே இருந்தது. 2001-இல் வழக்கு வந்தது. 2002-இல் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு ராஜி செய்துகொண்டது. அந்த வழக்கில் புண்பட்டது நம்பிக்கை. உண்ணி கடித்தவன் விஷயத்தில் போவது உயிர்!

2004-இல் அமெரிக்கா ஒரு ஒவ்வாமைச் சட்டம் இயற்றி 2006 முதல் அமல் நடத்தியது. பால், முட்டை, மீன், நண்டு-இறால் வகை, மரக் கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டும் எந்த உருவில் ஒளிந்திருந்தாலும் வெளிப்படையாக எழுத வேண்டும் என்றது. 2021-இல் எள்ளைச் சேர்த்து ஒன்பதாக்கினார்கள். 2023 ஜனவரி முதல் எள்ளுக்கும் அமல். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் மாடும் பன்றியும் ஆடும் அந்த ஒன்பதில் இல்லை!

இதன் அலங்கோலத்தைப் பாருங்கள். ஜெலட்டின் மீனிலிருந்து எடுத்ததென்றால் ‘மீன்’ என்று எழுதியாக வேண்டும். மாட்டுத்தோலிலிருந்து எடுத்ததென்றால் வெறும் ‘ஜெலட்டின்’ போதும். சுவைப்பொடியில் துளி பால் இருந்தால் சொல்ல வேண்டும். மாட்டின் சாறு இருந்தால் சொல்ல வேண்டாம்! இந்தப் பொருளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2025-இல் அமெரிக்கக் காங்கிரசில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. ஒரு மசோதா பிறக்கவே இத்தனை வருஷம்!

சாக்குப்போக்குகள்

முதலாளிகளின் வக்கீல்கள் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“பொட்டலத்தில் இடமில்லை.” சிரிக்கும் குழந்தையின் படத்துக்கு இடமிருக்கிறது. பரிசுப் போட்டி அறிவிப்புக்கு இடமிருக்கிறது. ‘மாடு’ என்ற இரண்டு எழுத்துக்கு இடமில்லையாம்!

“எங்களுக்கே தெரியாது, சரக்கு அனுப்புகிறவன் மாற்றிவிடுகிறான்.” யூதர்களின் கோஷர் முத்திரை வேண்டுமென்றால் மதகுருவின் ஆட்கள் ஆலைக்குள்ளேயே வந்து, ஒவ்வொரு சரக்கும் எங்கிருந்து வந்தது என்று தாளைப் புரட்டிப் பார்க்கிறார்கள். முஸ்லிம்களின் ஹலால் முத்திரைக்கும் அப்படியே. அப்போது எல்லா விவரமும் தெரிகிறது! முத்திரை இருந்தால் விற்பனை கூடும். ஆகவே தெரிகிறது. நோயாளி கேட்டால் லாபமில்லை. ஆகவே தெரியவில்லை.

“எங்கள் பக்குவம் திருட்டுப் போய்விடும்.” எத்தனை பங்கு, எத்தனை சூடு, எந்த வரிசை என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பிராணி என்றுதான் கேட்கிறோம். பாலுக்கும் முட்டைக்கும் வாய் திறந்த பிறகு எந்தக் கம்பெனியாவது ரகசியம் போய் இழுத்து மூடியதா?

“கொஞ்சம் பேருக்காக இவ்வளவு செலவா?” இதுதான் இவர்களுடைய மனசின் உண்மைக் குரல். அமெரிக்க மாட்டிறைச்சி வியாபாரத்தில் சுமார் 85 சதவீதம் நாலே நாலு கம்பெனிகளின் பிடியில் இருக்கிறது. நாலு கம்பெனிகளுக்காக ஒரு தேசத்தின் சட்டம் வளையலாம். நாலரை லட்சம் ஜனங்களுக்காக ஒரு வரி அச்சடிக்கக் கூடாதா?

சட்டம் வந்தாலும் இவர்கள் சும்மா இருப்பவர்களா? எள்ளு விஷயத்தில் என்ன செய்தார்கள்? இயந்திரத்தைக் கழுவிச் சுத்தமாக வைப்பது செலவு என்று கருதி, எள்ளே இல்லாத ரொட்டியில் வேண்டுமென்றே எள்ளைச் சேர்த்து, ‘எள் உண்டு’ என்று அச்சடித்துவிட்டார்கள் சில ரொட்டி முதலாளிகள்! சட்டத்தின் எழுத்து நிறைவேறிற்று. எள் ஆகாதவனுக்கு இருந்த ரொட்டியும் போயிற்று. ஆகவே சட்டம் இயற்றினால் மட்டும் போதாது. அதைக் காவல் காக்க ஜனங்களின் கண் வேண்டும்.

மூச்சு முட்டியவனுக்கு உடனே தொடையில் போட வேண்டிய எபினெஃப்ரின் ஊசியின் கதையும் இதோடு சேர்ந்ததே. எபிபென் என்ற ஊசிப் பேனாவின் உரிமை 2007-இல் மைலான் கம்பெனியின் கைக்கு வந்தபோது இரண்டு பேனாவின் விலை சுமார் 100 டாலர். 2016-இல் சுமார் 600 டாலர்! உள்ளே இருப்பதோ மிகப் பழைய, மலிவான மருந்து. பொட்டலத்தில் உண்மையை மறைத்து ஒருவன் லாபம் அடிக்கிறான். அதைத் தின்று துடிப்பவனிடம் இன்னொருவன் லாபம் அடிக்கிறான்.

கேட்டவர்கள்தான் பெற்றார்கள்

உணவில் உண்மை என்பது முதலாளிகள் மனமிரங்கித் தந்த தானமல்ல. சிகாகோ இறைச்சி ஆலைகளின் அக்கிரமத்தை அப்டன் சின்கிளேர் ‘தி ஜங்கிள்’ என்ற நாவலாக எழுதியபோது, 1905-இல் அதை முதலில் தொடர்கதையாக வெளியிட்டது ஒரு சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகை. ஜனங்கள் கொதித்தார்கள். 1906 ஜூன் மாதத்தில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் சுத்த உணவுச் சட்டமும் பிறந்தன. ஆனால் சின்கிளேர் எழுதியதன் நோக்கம் ஆலைத் தொழிலாளியின் துயரம். உண்பவனின் வயிற்றைக் காக்கச் சட்டம் வந்தது. உழைப்பவனின் துயரம் அப்படியே நின்றது. அந்தப் பாடத்தையும் நாம் மறக்கக் கூடாது.

நம் நாட்டுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. 1857-இல் வடநாட்டுச் சிப்பாய்கள் கும்பெனியைக் கேட்ட கேள்வி என்ன? “பல்லால் கடித்துக் கிழிக்கச் சொல்கிறாயே, இந்தத் தோட்டாவில் தடவியிருப்பது எந்தக் கொழுப்பு?” கும்பெனியின் பசப்பு வார்த்தையை அவர்கள் நம்பவில்லை. எத்தனையோ காலமாகக் குமுறிய நெருப்பு அந்தக் கேள்வியில் பற்றிக்கொண்டது.

இன்று இந்தியப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளியும் அசைவத்துக்குப் பழுப்புக் குறியும் இருக்கின்றன. 2021 டிசம்பரில் டில்லி ஹைகோர்ட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நூடுல்ஸிலும் சிப்ஸிலும் வரும் ‘இ631’ போன்ற எண்களின் பின்னால் இறைச்சியோ மீனோ இருக்கலாம். ஆகவே எவ்வளவு சிறிய அளவானாலும், ஒவ்வொரு பொருளும் செடியிலிருந்தா, பிராணியிலிருந்தா, ரசாயனச் சாலையிலிருந்தா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. அமெரிக்க முதலாளி முடியவே முடியாது என்று சொல்வதை இங்கே ஒரு கோர்ட் சாத்தியம் என்று சொல்லிவிட்டது!

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. யார் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று மூக்கை நுழைத்து மோந்து பார்க்கும் கும்பலுக்கு நம் கோரிக்கையில் இடமில்லை. எதைத் தின்பது என்பது அவனவன் உரிமை. அந்த உரிமையை நடத்துவதற்கே உண்மை வேண்டும் என்கிறோம். தவிர, பச்சைப் புள்ளி இந்த நோய்க்கு மருந்துமல்ல. பாலும் நெய்யும் பச்சைப் புள்ளியில்தான் வருகின்றன. பால் ஆகாத நோயாளிக்கு அந்தப் புள்ளி காவல் ஆகாது.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

நோய் கண்டவனுக்கும் அவன் வீட்டாருக்கும் உதவும் சில விஷயங்களைச் சொல்லி வைப்போம். பட்டியலை ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும். பழகிய பொட்டலம்தானே என்று விடக் கூடாது. ஜெலட்டின் என்று மட்டும் இருந்தால் பாலூட்டியிலிருந்து வந்ததாகவே கொள்ள வேண்டும். கோழி சாசேஜ் என்று வாங்கினாலும் மேலுறை பன்றிக் குடலா என்று பார்க்க வேண்டும். ‘இயற்கைச் சுவை’, மோனோ-டைகிளிசரைடு, கிளிசரின், ஸ்டியரேட் என்று கண்டால் கம்பெனிக்கு எழுத்து மூலம் கேட்க வேண்டும். மாத்திரை வாங்கும்போதும், ஆஸ்பத்திரியில் சேரும்போதும் நோயை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் பன்றிக் குடலிலிருந்துதான் வருகிறது. புதிதாக உண்ணி கடிக்காமல் காத்துக்கொண்டால் சிலருக்குச் சில வருஷத்தில் நோய் தணிவதும் உண்டு. ஆகவே காட்டிலும் புல்வெளியிலும் வேலை செய்பவன் உடம்பை மூடிக்கொள்ளவும், வேலை முடிந்ததும் உடம்பைச் சோதித்துக்கொள்ளவும் வேண்டும். அதற்குரிய உடுப்பைக் கொடுப்பது வேலை வாங்குகிறவனின் கடமை.

ஆனால் தனி மனிதன் எவ்வளவுதான் கண்ணைக் கசக்கிப் படித்தாலும், எழுதாததைப் படிக்க முடியாது. கம்பெனி வாயைத் திறக்க வைப்பது ஒருவர் இருவரால் ஆகிற காரியமல்ல. பிராணிப் பொருள் எது கலந்தாலும் அதன் மூலத்தைப் பெயர் சொல்லி அச்சடிக்க வேண்டும்! ‘இயற்கைச் சுவை’ என்ற போர்வைக்குக் கொடுத்த சலுகை ரத்தாக வேண்டும்! மருந்துக்கும் அதே விதி வர வேண்டும்! உயிர் காக்கும் ஊசி, உழைப்பவன் வாங்கக்கூடிய விலைக்குக் கிடைக்க வேண்டும்! அமெரிக்க நோயாளிகள் இன்று கேட்பது இதைத்தான். இது நியாயமான கோரிக்கை. எல்லா நாட்டு உழைப்பாளிகளின் கோரிக்கை.

விதைத்தவனும் அறுத்தவனும் வெட்டியவனும் பொட்டலம் கட்டியவனும் தொழிலாளி. அதற்குள் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை மட்டும் முதலாளிக்கா?